நாடியைத் தாழ்த்தச் சொன்ன நாள்

சலூன் கதிரைக்குப் பின்னால் இப்போதுதான் நிற்கத் தொடங்கியிருக்கும் தம்பிமாருக்கு இதை எழுதுகிறேன். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். ஓரிடத்தில் தங்கவும் தெரியாதவன். காங்கேசன்துறையில் தொழில் பழகி, வவுனியா, திருகோணமலை, மன்னார், கொழும்பு என்று எங்கெங்கோ கத்தரிக்கோல் பிடித்தேன். நடுவில் ஒன்றரை வருடம் குருநகரில் ஒரு மீன்பிடி வள்ளத்தில் போனேன். கடல் எனக்குச் சரிவரவில்லை. வள்ளத்தில் வந்தவர்களின் தலைமுடி சரிவந்தது. அவர்களுக்கே வெட்டி வெட்டி மறுபடி இந்தத் தொழிலுக்குள் வந்து விழுந்தேன்.

இரண்டு வருடமாக வலது கை நடுங்குகிறது. வைத்தியர் அந்த வருத்தத்துக்கு ஒரு பெயர் சொன்னார். எனக்கு வாயில் வரவில்லை. நடுங்கும் கையோடு ஒருவரின் தொண்டைக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று அந்தக் கிழமையே கதிரையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டேன். கவலைப்பட ஒன்றுமில்லை. இருந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

உங்களில் மூன்று நான்கு பேர் என்னிடம் மடக்குக் கத்தி தீட்டுவது எப்படி என்று கேட்டீர்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் சூடான துவாயும் மடக்குக் கத்தியும் கேட்கிறார்களாம். செய்யுங்கள். பிளேட் மாட்டும் கத்தியை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஒருவருக்கு ஒரு பிளேட், பிறகு குப்பைக் கூடை. நோய்ப் பயம் இல்லை. மடக்குக் கத்தி என்றால் ஒவ்வொரு முகத்துக்கும் பிறகு கொதிநீர், ஸ்பிரிட். அதில் பஞ்சிப்பட்டுச் சோம்புகிறவர் அதைத் தொடவே வேண்டாம்.

கையின் அசைவை நீங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். கல்லில் கத்தியின் வாய் முன்னே போகும். தோல்வாரில் முதுகு முன்னே போகும். மாறினால் வார் இரண்டாகும். திருகோணமலையில் நான் முதலாளியின் வாரை இரண்டாக்கினேன். அந்த மாதம் முழுக்க அவர் என்னைக் காலையில் கண்டதும் "மரக்கறி வெட்டுறவர் வந்திட்டாரோ?" என்றுதான் கேட்டார்.

வார் இல்லாமலும் தீட்டியிருக்கிறேன். சண்டையில் பாதை பூட்டியிருந்த காலத்தில் பிளேட் வராது, தோல் வராது, சவர்க்காரமும் வராது. இடம்பெயர்ந்து இருந்த முகாமில் என் கால்சட்டைப் பெல்ட்டைக் கூடாரத் தடியில் கட்டித் தீட்டினேன். ஒருநாள் ஷெல் விழ ஓடும்போது பெல்ட்டும் விடுபட்டுப் போனது. பிறகு இடது உள்ளங்கையில் தீட்டினேன். உள்ளங்கை நல்ல வார். தேவைக்கு மேல் அழுத்தினால் உடனே சொல்லிவிடும்.

இவ்வளவும் பழகிவிடும். பழகியவனும் பிழைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. கல் கத்திக்குக் கூர்மையைக் கொடுக்கும். வார் அதை அடக்கும். கல்லிலிருந்து இறங்கிய கத்தியின் வாயில் கண்ணுக்குத் தெரியாத பிசிர் நிற்கும். பெருவிரலை வைத்துப் பார்த்தால் அது தோலில் கொளுவிப் பிடிக்கும். தொழில் தெரியாதவன் அதைத்தான் நல்ல கூர்மை என்று நினைப்பான். எனக்கு அப்போது இந்தத் தொழிலில் இருபத்தைந்து வருடம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சண்டை முடிந்து சில வருடங்கள் போயிருந்தன. நான் பண்டத்தரிப்பில் ஒரு சிறிய கடை வைத்திருந்தேன். தீபாவளிக்கு முதல் நாள். இருந்து காத்திருக்கும் நீள வாங்கில் இடமில்லாமல் வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். அன்று காலையில்தான் கத்தியைக் கல்லில் போட்டு எடுத்திருந்தேன். வாரில் ஐம்பது தடவை இழுக்க வேண்டும். பத்துத் தடவை இழுத்திருப்பேன். பெருவிரலில் வைத்தேன், கொளுவியது. ஒரு முடியைப் பிடித்துத் தொங்கவிட்டேன், வெட்டியது. போதும் என்று ஆட்களைக் கூப்பிட்டேன்.

துரைராசா அண்ணை அன்றுதான் முதல் தடவை என் கதிரையில் இருந்தார். வெங்காயத் தோட்டம் செய்கிறவர், ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த, உயர்ந்த மனிதர். வழக்கமாக அவருக்கு முகம் வழிக்கிறவர் வெளிநாடு போய்விட்டாராம்.

"பிளேட் வேண்டாம் தம்பி. உந்தக் கத்தியாலை வழிச்சு விடும்," என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. நுரை போட்டேன். வலது கன்னம் முடிந்தது. இடது பக்கம் வந்து, நாமெல்லோரும் சொல்கிற மாதிரி, "நாடியைத் தூக்குங்கோ அண்ணை," என்றேன். முகவாயைத் தூக்கினார். தோலை இழுத்துப் பிடிக்க இடது பெருவிரலைத் தாடைக்குக் கீழே வைத்தேன். தோலுக்குள்ளே புளியங்கொட்டை அளவில் ஏதோ கட்டியாக நின்றது.

அது என்ன என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் ஆட்களின் உடம்பில் ஷெல் வெடித்துத் தெறித்த பீஸ் கிடப்பது முடி வெட்டுகிறவனுக்குப் புதிதில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருவரின் காயத்தைப் பற்றி மற்றவர் கேட்பதில்லை. கேட்டால் எங்கே, எப்போது, பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கதை போகும். பக்கத்தில் நின்றவர் அநேகமாக இப்போது இருக்கமாட்டார். அதனால் கேட்காமல் விடுவதுதான் மரியாதை. நானும் மரியாதையாகக் கேட்காமல் விட்டுக் கத்தியை வைத்தேன்.

பிசிர் கொளுவியது. ஒரு துளி இரத்தம் வந்தது.

"என்ன, வெட்டிப்போட்டீரோ?"

"சின்னக் கீறல் அண்ணை." படிகாரத்தை நனைத்து வைத்தேன்.

"நாளைக்குத்தானே தீபாவளி. ஆட்டுக்கு முதல் எனக்கோ?" என்றார். வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரத்தம் நின்றது. அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அதன் பிறகு அவர் என் கடைக்கு வரவில்லை. சில மாதம் கழித்துத் தெருவில் கண்டபோது தாடி வளர்ந்திருந்தது. தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளில் போனார். எனக்குள் ஏதோ உறுத்தியது. அதைத் தீர்த்து வைத்தவர் கனகு. கனகு துரைராசா அண்ணையின் மனைவிக்குத் தம்பி, உழவு மெசின் ஓட்டுகிறவர், என் வயதுதான். மாதம் தவறாமல் என்னிடம் வருவார். வாய் ஓயாது.

"அத்தான் தாடி வளக்கிறார், கண்டனீரோ? சுகந்திக்கு நல்ல இடத்திலை கலியாணம் சரிவர வேணும் எண்டு பிள்ளையாருக்கு நேர்த்திக்கடனாம். பிள்ளையார் உம்மடை பிழைப்பிலை மண்ணைப் போட்டிட்டார்."

"மாப்பிள்ளை வரப் பிந்தினா?"

"பிந்தினா என்ன? அத்தானைச் சாமியார் எண்டு சொல்லி ஒரு மடத்திலை இருத்திப்போட்டு, நாங்கள் சோறு குடுக்க வேண்டியதுதான்."

சுகந்தி அவரின் ஒரே மகள். அப்போது படித்துக்கொண்டிருந்தாள். நேர்த்தி என்று கேட்டதும் எனக்கு நிம்மதி. என் கத்திக்கும் அந்தத் தாடிக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்து, அந்தத் துளி இரத்தத்தை மறந்தேன்.

நான்கு வருடம் போனது. ஒரு மத்தியானம், கடையில் ஒருவரும் இல்லாத நேரம், துரைராசா அண்ணை வந்தார். தாடி நெஞ்சைத் தொட்டது. கதிரையில் இருக்காமல் வாங்கில் இருந்தார்.

"சுகந்திக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. இன்னும் பத்து நாள் கிடக்கு," என்றார்.

"கனகு சொன்னவர் அண்ணை. சந்தோசம். நேர்த்தியும் பலிச்சிட்டுது."

அவர் வாசலை ஒருதரம் பார்த்தார். "தம்பி, நேர்த்தி எண்டு ஒண்டும் இல்லை."

நான் துவாய் மடித்துக்கொண்டிருந்தேன். மடித்தபடியே நின்றேன்.

"அண்டைக்கு நீர் கீறின இடம் மூண்டாம் நாள் வீங்கிப்போச்சு. பன்ரண்டு நாள் ஆசுப்பத்திரியிலை கிடந்தனான். ஊசி மேலை ஊசி. உள்ளுக்கை கிடக்கிற பீஸை எடுக்கேலாது, பெரிய ரத்தக் குழாய்க்குப் பக்கத்திலை நிக்குது, இன்னொருக்கா அந்த இடம் புண்படக்கூடாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

"எனக்குத் தெரியாதண்ணை. சத்தியமாத் தெரியாது."

"தெரிஞ்சா என்ன செய்திருப்பீர்? ஊர் மாறிப் போயிருப்பீர்."

அது உண்மை.

"வெளியிலை பல்லு வீக்கம் எண்டு சொன்னனான். மனுசிக்கு மட்டும்தான் தெரியும். பிறகு ஏன் தாடி, ஏன் தாடி எண்டு ஆக்கள் கேக்கத் தொடங்கிச்சினம். உம்மாலைதான் எண்டு சொன்னா உந்தக் கதிரையிலை ஆர் வந்து இருப்பினம்? நேர்த்தி எண்டு வாயிலை வந்திட்டுது. சுகந்தியின்ரை கலியாணம் எங்கையோ தூரத்திலை எண்டு நினைச்சன். பிள்ளையார் என்ரை பொய்யையும் கேட்டுப்போட்டார்." சிரித்தார். தாடிக்குள் சிரிப்புத் தெரியவில்லை, கண்ணில்தான் தெரிந்தது.

இப்போது எல்லோரும் எப்போது தாடி எடுக்கிறீர்கள் என்று கேட்கிறார்களாம். சம்பந்தி வீட்டிலும் கேட்டுவிட்டார்களாம். நேர்த்தி நிறைவேறியும் தாடியோடு மணவறையில் நின்றால் பிள்ளையாரை ஏமாற்றியவர் ஆவார். அது மகளின் தலையில் வந்து விடியும் என்று கதைப்பார்கள்.

"முடி வெட்டுற மெசின் வைச்சுப் பாத்தன். உள்ளுக்கை இரும்பு அதிருது, பல்லு முழுக்கக் கூசுது. மனுசி ரேசராலை வழிக்கப் பாத்தாள். கை நடுங்கி, இருந்து அழத் தொடங்கிட்டாள்."

"வேறை ஆரிட்டையும் போங்கோ அண்ணை. யாழ்ப்பாணத்திலை பெரிய கடையள் கிடக்கு. நான் ஒருக்கா வெட்டினவன்."

"அதுதான் வந்தனான். எங்கை வெட்டக்கூடாது எண்டு உமக்குத்தானே தெரியும்."

நான் மறுபடி கீறினால், மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டிய நாளில் இந்த மனிதர் ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடப்பார். ஆழமாகக் கீறினால் கட்டிலும் தேவைப்படாது. அதை நான் அவருக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் அதைத் தெரிந்துகொண்டுதான் வாங்கில் இருந்தார்.

நான்கு வருடத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியதை அன்று கேட்டேன். "எங்கை எண்டு காட்டுங்கோ."

அவர் என் சுட்டுவிரலைப் பிடித்துத் தாடிக்குள்ளே கொண்டுபோய் வைத்தார். "இப்ப பாரும்," என்று நாடியை உயர்த்தினார். தோல் இறுகியது. வலைக்குள்ளிருந்து மீன் மூக்கால் முட்டுவதுபோல அந்தத் துண்டு என் விரலை முட்டியது. "இனிப் பாரும்." நாடியைத் தாழ்த்தி, முகத்தை இடது பக்கம் திருப்பினார். தோல் தளர்ந்தது. துண்டு உள்ளே இறங்கிவிட்டது. விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"இவ்வளவு காலமா நானும் இதுவும் ஒண்டாப் படுத்து ஒண்டா எழும்பிறம். எப்பிடித் திரும்பினா அது நித்திரை கொள்ளும் எண்டு எனக்குத் தெரியும்," என்றார்.

தம்பிமாரே, அன்றைய பிழை பிசிரில் மட்டும் இருக்கவில்லை. நாடியைத் தூக்கச் சொல்லி அந்தத் துண்டைக் கத்திக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தியவனே நான்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். சொல்லக் காத்துக்கொண்டுகூட இருந்திருப்பார். பிளேட் வேண்டாம் என்று அவர் சொன்னபோதே எனக்குக் கதவு திறந்திருந்தது.

சரி, நாடியைத் தாழ்த்தி வழிக்க வேண்டும். அப்படியென்றால் தளர்ந்த தோலில் வழிக்க வேண்டும். தளர்ந்த தோலில் கத்தி வைக்காதே என்பதுதான் நாம் முதல் நாள் பழகியது. தோல் சுருண்டு கத்தியின் வாய்க்குள் ஏறும். பிளேட் என்றால் நிச்சயம் ஏறும். பிளேட்டின் கூர்மையைக் கூட்டவும் குறைக்கவும் எங்களால் முடியாது. பெட்டிக்குள் எப்படி வந்ததோ அப்படித்தான் அது. மடக்குக் கத்தியை நான் திருத்தலாம். பத்து நாள் இருந்தது.

அன்று பின்னேரமே கத்தியைக் கல்லில் போட்டேன். அதோடு கல்லை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். பிறகு காலையும் மாலையும் வார் மட்டும். மறுநாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று, நாடியைத் தாழ்த்தி, என் கழுத்தைத் தளர விட்டு வழித்தேன். இரண்டு இடத்தில் வெட்டினேன். "என்ன காணும், சேவலோடை சண்டை பிடிச்சனீரோ?" என்று பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடைக்காரர் கேட்டார். மூன்றாம் நாளும் வெட்டினேன். மயிர் வளர நேரம் இல்லாததால் ஒருநாள் இடது பக்கம், ஒருநாள் வலது பக்கம் என்று பங்கு போட்டேன்.

ஆறாம் நாள் மன்னாரில் ஒரு கடைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். பையை எடுத்து உடுப்பை வைத்தேன். நான் ஊர் மாறுவதற்கு இதைவிடச் சின்னக் காரணங்களே போதுமாக இருந்திருக்கின்றன. கத்தியையும் வைக்கப் போனேன். இத்தனை நாள் ஒரு கழுத்துக்கென்று தீட்டிய கத்தியை மன்னாரில் எந்த முகத்தில் வைப்பது என்று ஒரு நினைவு வந்தது. பெரிய யோசனை என்று ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். உடுப்பை வெளியே எடுத்துவிட்டு அன்றைய ஐம்பதையும் இழுத்தேன்.

எட்டாம் நாள் வெட்டவில்லை. ஒன்பதாம் நாளும் வெட்டவில்லை. தொங்கவிட்ட முடியை அந்தக் கத்தி இப்போது வெட்டவில்லை. பெருவிரலிலும் கொளுவவில்லை. கத்தியைப் பார்க்கிற எவரும் மழுங்கிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் தளர்ந்த தோலின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. நுரையில் நன்றாக ஊறிய முடியை எடுத்தது, தோலை விட்டுவிட்டது. எவ்வளவு கூர்மை வேண்டும் என்பதைக் கத்தியிடம் கேட்டால் இன்னும் வேண்டும் என்றே சொல்லும். முகத்திடம் கேட்க வேண்டும்.

கலியாணத்துக்கு முதல் நாள் காலை அவர் வந்தார். நேர்த்தி முடிவதைப் பார்க்கக் கனகுவும் கூட வந்தார். வாங்கில் இன்னொருவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டுப் பக்கத்து ஆள், புத்தூரிலிருந்து வந்தவர் என்று கனகு சொன்னார்.

"கவனம் காணும்! நாலு வருசப் பயிர். வெட்டினதைச் சாக்கிலை கட்டித் தாரும், நாங்கள் மாட்டுக்குப் போடுறம்," என்று கனகு தொடங்கினார்.

தாடியை முதலில் கத்தரிக்கோலால் குறைத்தேன். சூடான துவாய் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். நுரை போட்டேன். வலது கன்னம், மேலுதடு, நாடி எல்லாம் முடித்தேன். இடது தாடைக்குக் கீழே மட்டும் மிச்சம்.

"நாடியைத் தாழ்த்துங்கோ அண்ணை. இந்தப் பக்கம் திரும்புங்கோ."

"என்ன காணும், தொழில் மறந்துபோச்சோ?" என்றார் கனகு. "நாடியைத் தூக்கவெல்லோ வேணும்?"

"கனகு, கொஞ்சம் கதையாமல் இரும்."

நான் அவரிடம் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

சிறிய சிறிய இழுப்பாக வழித்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் கத்தியைத் துடைத்தேன். இரண்டு விரல் அகலம் மிச்சம் இருந்தபோது அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. திடுக்கிட்டு, பழக்கத்தில் நாடியை உயர்த்தினார்.

கத்தி தோலில் இருந்தது. தோல் இறுகியது. உள்ளே கிடந்த இரும்பு மேலே வந்து என் கத்தியின் வாய்க்கு நேர் கீழே முட்டியது. மீன் முள்ளில் கத்தி தட்டுப்படுவதுபோல, அது பிடிக்குள்ளால் என் விரலுக்கு வந்தது.

கையை இழுத்துவிடத்தான் உடம்பு சொல்லும். பயந்து இழுக்கிற கை நேராக வராது, பக்கமாக வரும். பக்கமாக வந்தால் வெட்டும். நான் கத்தியை எடுக்கவில்லை. அழுத்தவும் இல்லை. கத்தியின் பாரம் மட்டும் தோலில் இருக்க, அப்படியே நின்றேன். அவரும் என்ன நடந்தது என்று உணர்ந்துவிட்டார். மூச்சை நிறுத்திக்கொண்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"அண்ணை," என்றேன். "மெல்ல நாடியை இறக்குங்கோ. கதைக்க வேண்டாம். தலையாட்ட வேண்டாம். மெல்ல."

இறக்கினார். தோல் தளரத் தளர, கத்திக்குக் கீழிருந்த அந்தக் கட்டி சிறுத்து, சிறுத்து, இல்லாமல் போனது. அதன் பிறகுதான் கத்தியை எடுத்தேன். துவாயால் நுரையைத் துடைத்துப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. கல்லிலிருந்து இறங்கிய பிசிரோடு அந்தக் கத்தி இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"போனை அங்காலை வையும் கனகு," என்றேன். கனகு எழுந்து வந்து பையிலிருந்து போனை எடுத்து, "சுகந்திதான்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் இருந்தார்.

மறுபடி நுரை போட்டேன். இன்னும் நான்கு இழுப்பு. முடிந்தது.

துரைராசா அண்ணை கண்ணாடியைப் பார்த்தார். கன்னத்தைத் தடவினார். பிறகு தாடைக்குக் கீழே விரலைக் கொண்டுபோய், அந்த இடத்தை மெல்லத் தொட்டு, விரலைத் திருப்பிப் பார்த்தார். விரலில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

"தாரும்," என்று கனகுவிடம் போனை வாங்கி மகளுக்கு எடுத்தார். "ஓம் பிள்ளை. முடிஞ்சுது… இல்லையம்மா, ஒண்டும் இல்லை. அம்மாட்டைச் சொல்லு. ஒண்டும் இல்லை எண்டு சொல்லு."

போனை வைத்ததும் கனகு கேட்டார். "அத்தான், ஏன் உவர் உங்களை நாடியைத் தாழ்த்தச் சொன்னவர்?"

துரைராசா அண்ணை கதிரையிலிருந்து எழுந்து சட்டைக் கழுத்தைச் சரிசெய்தார். "உள்ளுக்கை ஒரு பீஸ் கிடக்கு. அவர் கேட்டவர், நான் சொன்னனான்," என்றார். நேர்த்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் இன்றுவரை அந்த ஊரில் சொல்லவில்லை. இங்கேயும் ஆட்களின் பெயரையும் வேறு சிலதையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

ஒருவரின் காயத்தைப் பற்றிக் கேட்காமல் விடுவது கடைத்தெருவில் மரியாதையாக இருக்கலாம். கத்தியைக் கையில் வைத்திருப்பவன் கேட்க வேண்டும். எங்கே, எப்போது, யார் என்று கேட்க வேண்டாம். அது எங்கள் வேலை இல்லை. உடம்பில் எந்த இடம், எப்படித் திரும்பினால் நோகும் என்ற இரண்டு கேள்வி போதும். மிச்சத்தை அவர்களே சொல்வார்கள், அல்லது சொல்லாமல் விடுவார்கள். இரண்டையும் கேட்ட பிறகு கத்தியைத் தீட்டுங்கள்.

துரைராசா அண்ணை வாசலில் நின்று காற்று வாங்கினார். அடுத்தது கனகு வந்து கதிரையில் இருந்தார். துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிந்தேன். எத்தனையோ வருடமாக மாதாமாதம் நான் பிடித்துத் திருப்பிய தலை அது. கத்தரிக்கோலை எடுத்தவன் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"கனகு, உமக்கு எங்கையெண்டாலும் கிடக்கோ?"

அவர் வாயைத் திறந்தார். ஏதோ பகிடிதான் வரப் போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, தலையைக் குனிந்து, வலது காதுக்குப் பின்னால் முடியை விலக்கி ஒரு விரலை வைத்தார்.

"இஞ்சை ஒண்டு. சீப்பு படக்குள்ளை மின்னல் மாதிரி அடிக்கும்."

"இவ்வளவு காலமும் சொல்லேல்லையே காணும்?"

"நீர் கேக்கேல்லையே."

நான் சீப்பை வைத்துவிட்டு விரலால் அந்த இடத்தைத் தேடினேன். வாங்கில் இருந்த புத்தூர்க்காரர் பத்திரிகையை மடித்துப் பக்கத்தில் வைத்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.